தொண்டைக்கு வந்த உப்பு

1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் வரை, நாற்காலியில் வந்து உட்காரும் நோயாளிகளிடம் நான் ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தேன். "ஒண்ணுமே தெரியாதுங்க. சும்மா ஒக்காருங்க."

திருச்சியில் நர்ஸ் படிப்புப் படித்தபோது மூத்த நர்ஸ் ஒருவர் சொல்லிக்கொடுத்தது அது. "பயந்த ஆளு தலையை ஆட்டுவான். தலை ஆடினா டாக்டர் கை தவறும். பொய் சொல்லியாவது தலையை நிறுத்து" என்பார். ஆவூர் மாதா கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாள் படியிடும்போதுகூட அந்தப் பொய் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் டாக்டர் வேதாசலத்தின் கண் வைத்தியசாலை இரண்டே அறைகள் கொண்டது. முன்னறையில் பெஞ்சுகள். உள்ளறையில் ஒரு பெரிய நாற்காலி. தலையைச் சாய்த்து நிறுத்த வசதியாக இருக்கும் என்று, மூடிப்போன ஒரு சலூனிலிருந்து டாக்டர் அதை வாங்கிப் போட்டிருந்தார். பெரிய ஆபரேஷன்களை அவர் அங்கே செய்வதில்லை. இமைக்குள் கட்டி வந்தால் கீறிவிடுவது, விழியில் ஒட்டிய தூசியை எடுப்பது, உள்பக்கம் மடங்கிக் குத்தும் இமைமுடியைப் பிடுங்குவது, கண்ணீர் இறங்கும் குழாயைக் கழுவிவிடுவது என்று, வந்த அன்றே வீட்டுக்குத் திரும்பிப் போகிற வேலைகள்தான். நான் நான்கு வருஷமாக அவரிடம் இருந்தேன். நோயாளியின் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்தப் பொய்யைச் சொல்வதும் என் வேலை.

அந்த ஏப்ரல் மாதத்தில்தான் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஹமீதா பானு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். மாமியார் சம்சுன் நிஹார் கூட வந்திருந்தார். அறந்தாங்கியில் பஸ் மாறி நாற்பது மைல் வந்திருந்தார்கள். ஹமீதாவின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. முந்தானை நுனியால் அவள் அதைத் துடைக்கிற விதத்தைப் பார்த்தாலே அது பலகாலப் பழக்கம் என்று தெரிந்தது.

டாக்டர் கேட்பதற்கு முன்பே மாமியார் சொல்லிவிட்டார். "எம் மவன் இலங்கையில, மாத்தளையில ஜவுளிக் கடை வச்சிருக்கான் டாக்டரய்யா. போயி ரெண்டு வருசமாச்சு. இவ அவன் நெனப்புலயே அழுது அழுது கண்ணைக் கெடுத்துக்கிட்டா."

"நான் அழலை" என்றாள் ஹமீதா.

"இப்படித்தாங்க சொல்லுவா. மனசுல பூட்டி வச்சிக்கிட்டு."

"நான் அழலை, மாமி."

டாக்டர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கீழிமையை லேசாக இழுத்துப் பார்த்தார். மூக்கோரம் அழுத்திப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பி, "அழுதா ரெண்டு கண்ணும்ல அழணும்? இது ஒரு கண்ணுதான் வழியுது. இந்தப் பொண்ணு சொல்றது நெசம்" என்றார்.

ஹமீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல மாதமாக யாரும் நம்பாத ஒன்றை முதல் முறையாக ஒருவர் நம்பியதுபோல் இருந்தது அவள் முகம்.

"எல்லார் கண்ணுலயும் எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறிக்கிட்டேதாம்மா இருக்கும்" என்று டாக்டர் விளக்கினார். "இமை ஓரத்துல, மூக்குப் பக்கம், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கு. ஊறுற தண்ணி அது வழியா எறங்கி மூக்குக்குள்ள போயிரும். கம்மாய்க்கு மடை மாதிரி. ஒனக்கு அந்த மடை தூர்ந்துபோச்சு. அதனால கரை தாண்டி வழியுது. துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தண்ணி விட்டுக் கழுவிப் பாக்கலாம். இன்னைக்கே செய்யலாம்."

நான் தட்டை எடுத்து வந்தேன். மரத்துப்போகும் சொட்டு மருந்து, முனை கூர்ந்த சிறு கம்பி, முனை மழுங்கிய மெல்லிய ஊசி பொருத்திய பீச்சாங்குழல், உப்புநீர்க் கிண்ணம். வழக்கமான வாசகத்தையும் சொன்னேன். "ஒண்ணுமே தெரியாதும்மா. சும்மா ஒக்காரு."

ஹமீதா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியாதுன்னா மரத்துப்போற மருந்து எதுக்கு, நர்ஸம்மா?"

நான்கு வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"அந்தக் குழல்ல இருக்க தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"அடைப்பு விலகினா மூக்கு வழியா தொண்டைக்கு வரும். உப்புக் கரிக்கும். முழுங்கிறலாம், ஒண்ணும் செய்யாது."

"தொண்டைக்கா?" அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நான் நோன்பு வச்சிருக்கேன்."

மாமியார் பதறினார். "பயணத்துல நோன்பு விடலாம்டீ. பொறவு வச்சிக்கிறலாம். இம்புட்டுத் தூரம் வந்துட்டு..."

"காலையில வச்சாச்சு மாமி. இன்னும் பதினஞ்சு நாள்தான். இத்தனை மாசம் வழிஞ்ச கண்ணு பதினஞ்சு நாள் வழிஞ்சா என்ன?" டாக்டரிடம், "பெருநாள் கழிச்சு வாரேனுங்க" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி என்னிடம் வந்தாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னதை நம்பி ஒக்காந்திருந்தா என் நோன்பு போயிருக்கும், நர்ஸம்மா. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா இன்னொருத்தருக்குச் சொல்லாதீங்க."

அவர்கள் போன பிறகு அன்று மேலும் ஆறு பேர் வந்தார்கள். ஒருவரிடமும் அந்த வாசகம் என் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. வலிக்குமா என்று கேட்டால் எவ்வளவு வலிக்கும், எங்கே வலிக்கும், எத்தனை நேரம் என்று சொல்ல வேண்டும். எனக்கு எங்கே தெரியும்? நூற்றுக்கணக்கான தலைகளைப் பிடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன். "என் கண்ணுக்கு ஒருதடவை தண்ணி விட்டுக் காட்டுங்க டாக்டர்."

"ஒன் கண்ணுக்கு என்னம்மா கேடு?"

"கேடு ஒண்ணும் இல்லை. எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

நல்ல கண்ணில் ஊசி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இருபது வருஷமா செய்யறேன். எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

முதல் சொட்டு சீயக்காய் விழுந்ததுபோல் எரிந்தது. இரண்டாவது சொட்டு அதில் பாதி. மூன்றாவது சொட்டு வெறும் குளிர்ச்சி. நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் என் இமை இன்னொருத்தியின் இமைபோல் ஆகிவிட்டது. கம்பி வரும்போது குத்தல் இல்லை, ஆனால் இமையைப் பிடித்து இழுக்கும் உணர்ச்சி இருந்தது. ஊசி உள்ளே நகர்ந்தபோது மூக்கெலும்பில் ஓர் அழுத்தம். அதை வலி என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பல் பிடுங்கும்போது தாடையில் வருமே, அதுபோல. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள உடம்பு துடித்தது. அந்தத் துடிப்பை அடக்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று அப்போது புரிந்தது. சட்டென்று தொண்டையில் உப்புக் கரித்தது. இருமினேன். முடிந்துவிட்டது.

மாலைவரை அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் கூசியது. பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. வீதியோரமாக, கையைக் கண்ணுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இத்தனை வருஷமாக நோயாளிகளை அப்படி அனுப்பிவைத்திருக்கிறோம். கண் கூசும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பெருநாள் முடிந்து இரண்டாம் வாரம் ஹமீதா பானு வந்தாள். இந்தத் தடவை கணவன் முகமது இப்ராஹிம் கூட வந்திருந்தார். "ஒம் பெண்டாட்டி ராவும் பகலும் அழுவுறா" என்று மாமியார் யாரையோ வைத்துக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார். அவர் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்துவிட்டார். வந்து பார்த்தால் இவள் கண்ணிலிருந்து அப்போதும் நீர் வழிகிறது.

"நான் வந்த பொறவும் ஏன் அழுவுறேன்னு கேட்டேங்க" என்றார் அவர், முன்னறையில் என்னிடம். "அழலைங்கிறா. எனக்கு மனசே ஒடிஞ்சுபோச்சு. வந்தது புடிக்கலையோன்னு."

"எங்க ஊர்ல எனக்கு வெங்காயம் அரிய வழி இல்லை நர்ஸம்மா" என்றாள் ஹமீதா. "ஆளுக்கு ஆளு வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போவாக. அழலைன்னு சொல்லச் சொல்ல இன்னும் பாவப்படுவாக." சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "சரி, இன்னைக்கு என்ன சொல்லப்போறீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எரிச்சல், கசப்பு, மரத்துப்போவது, இழுப்பு, அழுத்தம், உப்பு, இருமல், மாலைவரை கூசும் கண். இரண்டு நாளைக்குக் கண்ணீரிலோ மூக்கிலோ துளி ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம் என்பது. கண்ணைக் கசக்கக் கூடாது என்பது. ஒரே தடவையில் சரியாகாமலும் போகலாம் என்பது. "துளையை அகலப்படுத்தறப்ப வலிக்கும்" என்று முடித்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இப்ராஹிமின் முகம் வெளுத்தது. ஹமீதா தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். "எம்புட்டு நேரம்?"

"ஊசி உள்ள இருக்கறது இருபது எண்ணுற நேரம்."

"அப்ப நான் எண்ணிக்கிறேன்."

சொட்டு விட்டுக் காத்திருந்தோம். டாக்டர் வந்தார். நான் அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "மேல பாரும்மா, வெளிப்பக்கமா" என்றார். அவள் மடியில் ஒரு விரல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கம்பி உள்ளே போனபோது உதட்டைக் கடித்தாள். விரல் மட்டும் நிற்கவில்லை. ஊசி போனது. பன்னிரண்டோ பதின்மூன்றோ எண்ணியிருப்பாள், என் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். பெஞ்சு சாய்ந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த இப்ராஹிம் மயங்கி விழுந்துவிட்டார்.

எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. டாக்டரின் கை அப்படியே நின்றது. ஆனால் என் கைகளுக்குள் இருந்த அந்தத் தலை நூலிழைகூட அசையவில்லை. தன் புருஷன் விழுந்த சத்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. தலையை நான் நிறுத்திவைக்கவில்லை. அவளே நிறுத்திவைத்திருந்தாள். அத்தனை வருஷமும் பொய் சொல்லி நான் வாங்க முயன்றது இந்த ஒரு அசையாமையைத்தான். உண்மையைச் சொன்னதும் அவள் அதைத் தானாகவே கொடுத்தாள்.

டாக்டர் ஊசியை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அவுகளைப் பாருங்க." இரண்டாவது, "முப்பத்தொண்ணு ஆச்சு."

"தப்புதாம்மா. நடுவுல நின்னுட்டேன்" என்றார் டாக்டர்.

இப்ராஹிமின் முகத்தில் நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அவள் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "உப்புக் கரிக்கலையே."

விட்ட நீர் எல்லாம் கண் வழியாகவே திரும்பி வந்திருந்தது. டாக்டர் மறைக்கவில்லை. "துளை தொறந்திருக்கு. கீழ இன்னும் அடைப்பு இருக்கு. அடுத்த வாரம் திரும்பப் பாக்கலாம்."

அடுத்த வாரமும் வந்தார்கள். இப்ராஹிம் இந்தத் தடவை முன்னறையில், வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அன்றும் உப்பு வரவில்லை. மூக்கில் ஏதோ ஈரம்போல் இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். எனக்கு மனம் சோர்ந்தது. இன்னும் இரண்டு தடவை பார்த்தும் இறங்காவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பெரிய ஆபரேஷன்தான் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் "அதுல என்ன செய்வாக?" என்று கேட்டு, மூக்கோரத்தில் எலும்பைத் துளைப்பதுவரை அவரிடமிருந்து தெரிந்துகொண்டுதான் எழுந்தாள்.

மூன்றாவது வாரம். விரல் பதினாறு தட்டியது. பதினேழாவது தட்டுக்குப் போகாமல் கை மேலே எழுந்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஊசி வெளியே வரும்வரை பொறுத்திருந்து, பிறகு இருமலும் சிரிப்புமாகக் கத்தினாள். "உப்பு! டாக்டரய்யா, உப்பு! கடத்தண்ணி கெணக்கா கரிக்குது!"

முன்னறையிலிருந்து இப்ராஹிம் ஓடிவந்தார். டாக்டர் பீச்சாங்குழலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று அந்தத் தட்டலில் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கண்ணைக் காட்ட வந்தபோது இடது கண் காய்ந்து, தெளிவாக இருந்தது. ஆனால் ஹமீதா கடுகடுவென்று இருந்தாள். "ஊர்ல என்ன சொல்றாக தெரியுமா? புருஷன் வந்தான், அழுகை நின்னுபோச்சுன்னு. மடை தூர்ந்திருந்துச்சு, டாக்டரு தொறந்தாருன்னு சொன்னா ஒரு ஆளு நம்பலை. மச்சான் வேற சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காக." இப்ராஹிம் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஊர் நம்ப வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அவள் அதைச் செய்யத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் வழிகிற இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். பிறகு இமைக்கட்டி வந்த ஒரு மீன் வியாபாரி. பிறகு இமைமுடி குத்தி வெளிச்சம் பார்க்க முடியாமல் இருந்த ஒரு கிழவர். இப்ராஹிம் மாத்தளைக்குத் திரும்பிய பிறகும் மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் என் தட்டில் இருப்பதைப் பார்த்து, இது எதுக்கு, இது பட்டா எப்படி இருக்கும் என்று கேட்பாள். சிகிச்சை முடிந்தவர்களிடம் இன்னும் அதிகமாகக் கேட்பாள். வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது, எப்போது தூங்கினீர்கள் என்று. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதே இல்லை. எங்களைப் பொறுத்தவரை நோயாளி வாசற்படி இறங்கியதோடு சரி.

1958 கடைசியில் கட்டுமாவடியிலிருந்து ராக்கன் என்பவரை மனைவியோடு அழைத்து வந்தாள். வள்ளத்தின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும்போது ஒரு துணுக்கு தெறித்துக் கருவிழியில் பதிந்திருந்தது. நான்கு நாளாகத் தாய்ப்பால் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. நல்ல ஆகிருதியான ஆள். கடலில் புயலைப் பார்த்தவர். டாக்டர் துணுக்கை எடுக்கும் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி வீதிக்குப் போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். எனக்கு முன்பே ஹமீதா அவர் எதிரில் நின்றாள்.

"வலிக்காதுன்னு நான் சொல்லலண்ணே" என்றாள். "மொத சொட்டு எரியும். மூணாவது சொட்டுல ஒங்க கண்ணு ஒங்க கண்ணாவே இருக்காது. ஊசி வாறது தெரியும், ஆனா படுறது தெரியாது. அதான் பயமா இருக்கும். செவுத்துல ஒரு ஆணி இருக்கு. அதையே பாத்துக்கிட்டு இருங்க."

"பொறவு?"

"பொறவு கட்டுப் போட்டு அனுப்புவாக. பஸ்ஸு அறந்தாங்கி தாண்டுறப்ப மருந்து வேகம் கொறஞ்சு வலி வரும். நல்லாவே வரும். துணுக்கை எடுக்காம விட்டுட்டாகளோன்னு தோணும். டாக்டரை வைவீங்க. வையுங்க, ஆனா கட்டைப் பிரிக்கப்படாது. விடிஞ்சா பாதி கொறஞ்சிரும்."

"பார்வை பழையபடி வருமா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நாலு நாளு விட்டுட்டீங்க. டாக்டர்தான் சொல்லணும்."

ராக்கன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆணியைப் பார்த்தார். துணுக்கு ஊசி முனையில் வந்தது. தழும்பு ஒன்று நிற்கும், கொஞ்சம் மூட்டமாகத் தெரியும், வலை கட்டுவதற்கும் கடலுக்குப் போவதற்கும் குறைவு வராது என்று டாக்டர் சொன்னார். ராக்கன் ஹமீதாவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு அன்று ஒரு பக்கம் சுருக்கென்றுதான் இருந்தது. மருந்தின் வேகம் குறைந்த பிறகு வலி வரும் என்பது பாடப் புத்தகத்தில் நான் படித்தது. வாசலில் நின்று நோயாளியிடம் அதைச் சொன்னது நானல்ல, பள்ளிக்கூடம் ஐந்தாவதுகூட முடிக்காத ஒருத்தி. ஆனால் பொறாமை நெடுநேரம் நிற்கவில்லை. அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு, அவள் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அதையே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

1960 ஜனவரியில், பஸ் ஏற முடியாதவர்களுக்காக டாக்டர் ஒருநாள் கோட்டைப்பட்டினம் வர வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவரும் ஒத்துக்கொண்டார். வாடகைக் காரில் மருந்துப் பெட்டி, கொதிக்கவைக்கும் பாத்திரம், ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டு அதிகாலையில் கிளம்பினோம். நாற்காலி காரில் ஏறவில்லை.

ஊரில் மதரஸா முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சாய்ந்து உட்கார ஈஸிசேர் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி, உயரத்துக்காக நான்கு காலுக்கும் செங்கல் வைத்திருந்தாள். ஏழெட்டுக் குடங்களில் கொதித்து ஆறிய தண்ணீர் மூடிவைத்திருந்தது. கோட்டைப்பட்டினத்து முஸ்லிம்களும், கட்டுமாவடி மீனவர்களும், உட்பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த குடியானவர்களுமாக அறுபது பேருக்கு மேல். ஹமீதா அவர்களைச் சிகிச்சை வாரியாகத் தனித்தனியே உட்கார வைத்திருந்தாள். இமைக்கட்டிக்காரர்கள் வேப்பமரத்தடியில். நீர் வழிபவர்கள் பந்தலுக்குள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் உட்கார்ந்து தனக்கு எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டம் விழுந்த கண்ணோடு ராக்கனும் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தார். "மருந்து எறங்குனதும் அம்மாடின்னு வரும் பாரு" என்று கையை விரித்து அவர் சொன்னதும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பயப்படாமல் சிரித்தார்கள்.

அன்று முப்பத்துநான்கு பேருக்குச் சிகிச்சை செய்தோம். ஒரு தலைகூட ஆடவில்லை. "சிஸ்டர், இது ரெண்டாவது சொட்டா மூணாவதா?" என்று என்னிடமே கேட்டார்கள். தொண்டையில் உப்பு வந்த ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்து "வந்திருச்சு, வந்திருச்சு" என்று சத்தம் போட்டார்கள். டாக்டர் ஒரு கட்டத்தில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மதியத்துக்கு மேல் சம்சுன் நிஹார் மெல்ல வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. அன்று செய்யக்கூடிய வேலை அல்ல அது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் போகட்டும்மா, முத்தினதும் எடுத்துறலாம். அதுக்குப் படுக்கை போட்ட ஆஸ்பத்திரியில ஒரு வாரம் இருக்கணும்" என்றார்.

மாமியார் மருமகளிடம் திரும்பினார். "எப்படிடீ இருக்கும் அது?"

"தெரியாது மாமி" என்றாள் ஹமீதா. "அதை எடுத்துக்கிட்டவங்க யாரையும் நான் இன்னும் பாக்கலை. அறந்தாங்கியில ஒரு அம்மா எடுத்துக்கிட்டாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை கழிச்சுப் போயிப் பாத்துக் கேட்டுட்டு வாரேன்."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தார். "கேட்டுட்டு எனக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடும்மா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் அதைப் புரிந்துகொண்டு, சரிங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட வேப்பமரத்தடிக்குப் போனாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஹமீதா சொல்லச் சொல்ல யாரோ எழுதிக்கொடுத்த இரண்டு பக்கம். கட்டுப் போட்ட கண்ணோடு அசையாமல் படுத்திருக்கும்போது முதுகுதான் அதிகம் வலித்ததாக அந்த அறந்தாங்கி அம்மா சொன்னாராம். முதுகுக்கு ஒரு தலையணை கொடுக்கலாமா என்று அந்த ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் கேட்கும்படி எழுதியிருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் செய்யும் தன் நண்பருக்கு அன்றைய தபாலிலேயே அனுப்பிவைத்தார்.